ஒரு பிஸ்கட் டின்னும் மூன்று போன் நம்பர்களும்

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிற அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அப்பாவின் மளிகைக் கடையில் சில்லறை பிஸ்கட் வைத்திருந்த சதுரமான தகர டின். போன மாதம் வீட்டுக்கு வந்த என் கல்லூரி நண்பன் ஒருவன், முறுக்கு இருக்கும் என்று நினைத்து அதைத் திறந்து விட்டான். உள்ளே பஞ்சு, பேண்டேஜ் துணி, ஒரு தெர்மாமீட்டர், அம்மாவின் பழைய துப்பட்டா, ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு கவரில் பணம்.

"என்னடா இது, நாய்க்குத் தனியா ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்களா?" என்று சிரித்தான்.

நானும் சிரித்து விட்டேன். ஆனால் அந்த டின் எப்படி வந்தது என்று அவனிடம் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் அழுதிருப்பேன். இங்கே எழுதுவது எனக்கு எளிது. நாய், பூனை வளர்க்கிறவர்கள் யாராவது படித்தால் ஒரு உயிராவது பிழைக்கும் என்பதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லி விடுகிறேன், நான் கால்நடை மருத்துவம் படிக்கிறவன் இல்லை. நான் படிப்பது கணக்கு. பட்டுத் தெரிந்து கொண்டதும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதும் மட்டும் தான் இதில் இருக்கிறது.

வெள்ளச்சி

எங்கள் ஊர் மேலூர் பக்கம். மளிகைக் கடை என்றால் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை வேண்டும். அப்படி வந்தவள் தான் வெள்ளச்சி. பேருக்கு ஏற்றபடி முழு வெள்ளை, வால் நுனியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. கடையின் அரிசி மூட்டைகள் மேல் தான் படுத்திருப்பாள். அவள் இருந்த வரைக்கும் கடையில் ஒரு மூட்டை கூட எலி கடித்தது கிடையாது. அப்பாவே அவளைக் "கடை மேனேஜர்" என்று தான் சொல்வார்.

2019 ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இரண்டு நாளாக வெள்ளச்சி சரியாகச் சாப்பிடவில்லை. வேறு ஒரு பூனையோடு சண்டை போட்டு வந்திருந்தாள், பின்னங்காலில் வீக்கம். ஒரு மூலையில் சுருண்டு படுத்துக் கொண்டு, கூப்பிட்டால் கூட வரவில்லை.

அப்பத்தா அவள் காதைத் தொட்டுப் பார்த்தார். "மேலு கொதிக்குதுய்யா, பாவம். நமக்குக் குடுக்குற காய்ச்ச மாத்திரையில கொஞ்சம் கிள்ளிக் குடு" என்றார்.

எனக்கும் அது சரியாகத் தான் பட்டது. பச்சைக் குழந்தைகளுக்கே கொடுக்கிற மருந்து தானே! 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையைக் கால்வாசியாக உடைத்துப் பொடியாக்கிப் பாலில் கலந்தேன். அவள் குடிக்கவில்லை. வாயைத் திறந்து நானே ஊற்றினேன். "நல்ல பிள்ளை" என்று தடவிக் கூடக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவள் முகம் வீங்க ஆரம்பித்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டு நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஈறு எல்லாம் ரோஸ் நிறம் போய்ப் பழுப்பாக ஆகியிருந்தது. ஊரில் இருக்கிற கால்நடை மருந்தகம் அந்த நேரத்தில் பூட்டியிருந்தது. வேறு டாக்டர் யாருடைய நம்பரும் எங்களிடம் இல்லை. அப்பா தனக்குத் தெரிந்த நாலைந்து பேருக்குப் போன் போட்டார். ஒருவர் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார், ஒருவர் காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்றார். விடியற்காலையில் வெள்ளச்சி செத்துப் போனாள். கொல்லையில் முருங்கை மரத்துக்குக் கீழே புதைத்தோம். "எங்கயோ விஷத்தைத் தின்னுட்டு வந்திருக்கா" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித் தான் நம்பினேன்.

ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம். எங்கள் பக்கம் இலவசத் தடுப்பூசி முகாம் போட்டிருந்தார்கள். எங்கள் நாய் கருப்பனை ஊசி போடக் கூட்டிக் கொண்டு போனேன். கூட்டம் குறைந்த பிறகு, அங்கே இருந்த டாக்டர் அம்மாவிடம் சும்மா கேட்டேன். "மேடம், பூனைக்குக் காய்ச்சல் வந்தா எந்த மாத்திரை குடுக்கணும்?"

"நீங்களா எதுவும் குடுக்கக் கூடாது தம்பி. முக்கியமா பாராசிட்டமால் குடுத்துறாதீங்க. பூனைக்கு அது விஷம்" என்றார்.

எனக்குக் காது அடைத்து விட்டது.

அவர் பொறுமையாக விளக்கினார். மனிதனின் கல்லீரல் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றி விடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி மிகவும் குறைவு. அதனால் மருந்து நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. அந்த அணுக்களால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஈறு பழுப்பாக மாறுவதும் மூச்சு வாங்குவதும் அதனால் தான். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது, கால் மாத்திரை கூட அதிகம். இதற்கு மாற்று மருந்து இருக்கிறதாம். அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். மனிதர்கள் பாராசிட்டமாலை அளவுக்கு மீறிச் சாப்பிட்டு விட்டாலும் அதைத் தான் கொடுப்பார்களாம். சீக்கிரம் கொண்டு போயிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள்.

இன்னொரு விஷயமும் சொன்னார். நம் உடம்பு வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கும் பூனைக்கும் சாதாரணமாகவே 100.5 முதல் 102.5 வரை இருக்கும். நாம் தொட்டுப் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் சூடாகத் தான் தெரியும். அதாவது வெள்ளச்சிக்கு அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா என்பதே எங்களுக்குத் தெரியாது! கால் வீக்கம் அவளைக் கொல்லவில்லை. நான் பாசமாக ஊற்றிய பால் தான் கொன்றது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கருப்பனின் சங்கிலியைப் பிடித்துக் கொண்டு அழுது கொண்டே வந்தேன். அப்பத்தாவிடம் இதைச் சொல்லவே இல்லை. சொன்னால் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

டின் வந்த கதை

அன்றைக்கு ராத்திரி தான் அந்த டின்னைக் கடையிலிருந்து எடுத்து வந்தேன். முதலில் வைத்தது ஒரு நோட்டு மட்டும் தான். அதன் முதல் பக்கத்தில் முகாம் டாக்டரிடம் கேட்டு எழுதிய ஒரே வரி: "மனுச மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது." பிறகு மாதம் ஒன்றாகச் சேர்த்தேன். இப்போது நோட்டில் இருப்பவை இவை.

1. மூன்று டாக்டர் நம்பர்கள். உள்ளூர் மருந்தகம் ஒன்று, மதுரையில் தனியார் டாக்டர்கள் இரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் பகலில் ஒருமுறை போன் போட்டு, "ராத்திரி அவசரம்னா கூப்பிடலாமா, ஞாயிற்றுக்கிழமை இருப்பீங்களா?" என்று முன்னாலேயே கேட்டு எழுதினேன். இது தான் ரொம்ப முக்கியம். 1962 என்ற எண்ணையும் எழுதியிருக்கிறேன். அது கால்நடை ஆம்புலன்சுக்கான இலவச எண். ஆனால் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது, ராத்திரி நேரத்துக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

2. வண்டி. நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஆட்டோக்காரர்கள் யோசிப்பார்கள். எங்கள் தெருவில் குட்டியானை ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். "கருப்பனுக்கு ஏதாவதுன்னா மதுரை வரைக்கும் வருவீங்களாண்ணே?" என்று கேட்டு வைத்தேன். "இதெல்லாமா முன்னாடியே கேப்பாங்க?" என்று சிரித்துக் கொண்டே சரி என்றார்.

3. எடை. மருந்தின் அளவு, விஷத்தின் ஆபத்து இரண்டுமே எடையை வைத்துத் தான். எங்களுக்கு இது சுலபம். கடையில் மூட்டை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அப்பா கருப்பனைத் தூக்கிக் கொண்டு ஏறி நிற்பார், பிறகு தனியாக ஏறி நிற்பார், கழித்தால் கருப்பன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதி வைப்போம். வீட்டில் எடை பார்க்கிற மெஷின் இருந்தால் நீங்களும் இப்படியே செய்யலாம்.

4. தடுப்பூசித் தேதிகள்.

5. வீட்டிலும் கடையிலும் இருக்கிற விஷங்களின் லேபிள்கள். எலி மருந்து, கரப்பான் மருந்து, பினாயில், பூச்சி மருந்து... எது வாங்கினாலும் அட்டையில் பெயரும் சதவீதமும் இருக்கிற பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி விடுவேன். "கிறுக்குப் பய" என்று அப்பா திட்டியது இதற்காகத் தான்.

டின்னுக்குள் மற்றவை: பஞ்சு, காஸ் துணி, பேண்டேஜ், காயத்துக்குப் போடுகிற போவிடோன் அயோடின், காயத்தையும் கண்ணையும் கழுவ சலைன் பாட்டில், ஊசி இல்லாத சிரிஞ்ச், டார்ச், கயிறு, பழைய துண்டு, அம்மாவின் துப்பட்டா. துப்பட்டா எதற்கு என்றால், வலியில் இருக்கிற நாய் வளர்த்தவனையே கடிக்கும். தூக்குவதற்கு முன் வாயைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக் காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்டால் போதும். (வாந்தி எடுக்கிற நாய்க்கும், மூச்சுத் திணறுகிற நாய்க்கும் மட்டும் கட்டவே கூடாது.) டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, அதன் மேல் "நாய்க்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அது எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரிந்தால் ஏன் அப்படி எழுதினேன் என்று புரியும்!

கடைசியாக ஒரு கவர். என் ஸ்காலர்ஷிப் பணத்திலும் தீபாவளிக் காசிலும் சேர்த்த மூவாயிரம் ரூபாய். ராத்திரி நேரத்தில் பணத்துக்கு ஓடினால் அதிலேயே அரை மணி நேரம் போய் விடும்.

போகி

இப்போது இந்தக் கதையின் இன்னொரு பாதிக்கு வருகிறேன்.

வெள்ளச்சி போன பிறகு கடையில் எலி பெருகி விட்டது. வேறு பூனை வளர்க்க அப்பத்தாவுக்கு மனசு இல்லை, எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் அப்பா எலி மருந்து வைக்க ஆரம்பித்தார். நொய் அரிசியில் கடலை எண்ணெயும் சர்க்கரையும் போட்டு, மருந்துப் பொடியைக் கலந்து, கொட்டாங்குச்சிகளில் வைத்துக் குடோன் மூலைகளில் வைப்பார். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. "நம்ம எலி பெருசு" என்று முழுப் பாக்கெட்டையும் கொட்டுவார்.

2024 ஜனவரி 14, போகிப் பண்டிகை, ஞாயிற்றுக்கிழமை வேறு. காலையிலிருந்து குடோனை ஒதுக்கிக் கொண்டிருந்தோம். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு யாரோ கொட்டாங்குச்சிகளைக் குப்பையோடு சேர்த்து வெளியே வைத்து விட்டார்கள். யார் என்று இன்று வரை நாங்கள் கேட்டுக் கொள்ளவில்லை. ஒருவேளை நானாகக் கூட இருக்கலாம். ஆறரைக்கு நான் வெளியே வந்த போது கருப்பன் ஐந்தாவது கொட்டாங்குச்சியை நக்கிக் கொண்டிருந்தான். மற்ற நான்கும் கழுவி வைத்தது போல் சுத்தமாக இருந்தன.

என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான். ஓடி வந்து மேலே தாவினான். ஒன்றுமே நடக்காதது போல இருந்தான்.

அப்பா பார்த்து விட்டு, "நல்லாத் தானடா இருக்கான். வாந்தி கூட எடுக்கல. இன்னிக்கு எவன் டாக்டர் இருப்பான்? காலைல பாப்போம்" என்றார். பக்கத்து வீட்டு அத்தை உப்புத் தண்ணியைக் கரைத்துக் கொண்டே வந்து விட்டார். வாயில் ஊற்றினால் எல்லாம் வெளியே வந்து விடும் என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. ஆனால் வெள்ளச்சி சமயத்தில் நடுங்கியது போல இல்லை. அப்போது என்ன செய்வது என்றே தெரியாது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று என் கையெழுத்திலேயே எழுதி இருந்தது. டின்னை எடுத்தேன். முதல் டாக்டர் பொங்கலுக்குச் சொந்த ஊர் போய் விட்டார், போன் எடுக்கவில்லை. இரண்டாவது டாக்டர் எடுத்தார்.

"என்ன மருந்து?"

"புரோமாடியோலோன் சார். 0.25 சதவீதம்."

"எவ்வளவு?"

"கிட்டத்தட்ட முழுப் பாக்கெட் சார். நொய்யில கலந்தது."

"நாய் எத்தனை கிலோ?"

"பதினெட்டு."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி நேரத்துக்குள்ள தான் சார்."

ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. "வீட்டுல எதுவும் ஊத்தாதீங்க. உடனே கிளம்பி வாங்க, நான் கிளினிக்கத் திறக்கிறேன்" என்றார்.

குட்டியானை அண்ணன் கோலமாவு வாங்க நின்று கொண்டிருந்தவர், அப்படியே வண்டியை எடுத்தார். நானும் கருப்பனும் பின்னால். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தார், மடியில் பிஸ்கட் டின். முப்பது கிலோமீட்டர் சொச்சம். கருப்பனுக்கு ஒரே குஷி, காற்றுக்கு முகத்தைக் காட்டிக் கொண்டு வந்தான்.

டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். நொய்யும் எண்ணெயுமாக வந்தது. பிறகு மிச்ச விஷத்தை உறிஞ்ச ஆக்டிவேட்டட் சார்க்கோல் என்ற கரித்தூள் கரைசலைக் கொடுத்தார். பிறகு வைட்டமின் கே1.

அதற்கப்புறம் தான் உட்கார வைத்து விளக்கினார். இந்த வகை எலி மருந்து உடனே கொல்லாது. ரத்தம் உறைவதற்குச் சில பொருட்கள் வேண்டும், அவற்றைத் தயாரிக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். உடம்பு அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கொள்ளும். மருந்து அந்தச் சுழற்சியைத் தடுத்து விடுகிறது. ஏற்கனவே ரத்தத்தில் இருக்கிற இருப்பு தீர இரண்டு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதுவரை நாய் ஓடும், சாப்பிடும், வால் ஆட்டும். பிறகு மூக்கிலும் வயிற்றுக்குள்ளும் நுரையீரலிலும் ரத்தம் கசியும். அப்போது தூக்கிக் கொண்டு வந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், பல சமயம் காப்பாற்றவும் முடியாது.

"நோயாளியா ஆன பிறகு தான் எல்லாரும் கொண்டு வருவாங்க. நீங்க நல்லா இருக்கிற நாயைக் கொண்டு வந்தீங்க பாருங்க, அதான் பிழைச்சான்" என்றார் டாக்டர். அப்பா தலையைக் குனிந்து கொண்டார்.

நாலு வாரம் வைட்டமின் கே1 மாத்திரை கொடுத்தோம். நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்துக்கு ஒரு டெஸ்ட். எல்லாம் சரியாக இருந்தது. கருப்பன் இதை எழுதும் போது என் காலடியில் தான் படுத்திருக்கிறான்.

செய்யக் கூடாதவை

அத்தை கொண்டு வந்த உப்புத் தண்ணீரைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். உப்பே நாய்க்கு விஷமாகி மூளையைப் பாதிக்கும் என்றார். எந்தத் தண்ணீரையும் வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம். மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவற்றைக் குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைப்பது இன்னும் ஆபத்து, உள்ளே போகும் போது சுட்டது வெளியே வரும் போதும் சுடும்.

எலி மருந்து எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதும் அன்று தான் தெரிந்தது. கறுப்புப் பொடியாக விற்கிற ஜிங்க் பாஸ்பைடு என்றால் நாட்களில் அல்ல, சில மணி நேரத்தில் முடிந்து விடும். வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறும். சாப்பாடு கொடுத்தால் அமிலம் கூடும், அதனால் பால், முட்டை எதுவும் கொடுக்கக் கூடாது. வண்டியில் கொண்டு போகும் போது வாந்தி எடுத்தால் அந்த வாயு நமக்கும் ஆபத்து, கண்ணாடிகளைத் திறந்து வைக்க வேண்டும். லேபிள் ஏன் வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

விடியும் வரை காத்திருக்கக் கூடாதவை

நோட்டின் கடைசிப் பக்கத்தில் டாக்டர் சொல்லச் சொல்ல எழுதியது இது. வேண்டுமானால் நீங்களும் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

ஈறு வெளுத்தோ, நீலமாகவோ, பழுப்பாகவோ இருந்தால். (நல்லா இருக்கும் போதே உங்கள் நாயின் ஈறைப் பார்த்துப் பழகுங்கள். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரோஸ் நிறம் திரும்ப வேண்டும்.)

பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால்.

ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால். மலச்சிக்கல் என்று நினைத்து விட்டு விடுவார்கள். அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய் விடும்.

தடுப்பூசி போடாத குட்டி நாய்க்கு வாந்தியும் ரத்த பேதியும் இருந்தால். பார்வோ வைரஸாக இருக்கலாம்.

வெயிலில் மயங்கினால். இதற்கு மட்டும் முதலில் நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும், அப்புறம் தான் வண்டி. ஈரத் துண்டைப் போர்த்தி விட்டால் சூடு உள்ளேயே தங்கி விடும்.

பாம்பு கடித்தால். கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, நடக்க விடாமல் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். பாம்பைத் தேடிக் கொண்டிருக்க வேண்டாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து தான்.

இன்னொன்று, இது நமக்கு. கடியோ கீறலோ பட்டால், வளர்த்த நாய் தானே என்று விடக் கூடாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்து 15 நிமிஷம் கழுவி விட்டு டாக்டரிடம் போக வேண்டும். ரேபிஸ் வந்து விட்டால் மருந்து இல்லை.

வெள்ளம் வந்தால்?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின் போது எங்கள் மாமா வீட்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். படகில் ஏறச் சொன்ன போது, நாயை விட்டு வர மாட்டேன் என்று மாமா மொட்டை மாடியிலேயே இருந்து விட்டார். அப்போது எல்லாரும் அவரைத் திட்டினார்கள். ஆனால் இது மாமாவின் பிடிவாதம் மட்டும் இல்லை. 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்த போதும் செல்லப் பிராணிகளை விட்டு வர மனமில்லாமல் பலர் வீட்டை விட்டு வெளியேற மறுத்தார்கள். அதன் பிறகு, 2006-ல், பேரிடர்த் திட்டங்களில் செல்லப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டமே கொண்டு வந்தார்கள். விலங்குக்கு வழி பண்ணாமல் மனிதனைக் காப்பாற்ற முடியாது என்று அரசாங்கமே ஒப்புக் கொண்ட மாதிரி.

நமக்கு அப்படிச் சட்டம் வரும் வரை, நாம் தான் யோசித்து வைக்க வேண்டும். எந்தச் சொந்தக்காரர் வீட்டில் நாயோடு போய் இருக்கலாம்? பூனையைத் தூக்கிப் போக ஒரு கூடை இருக்கிறதா? மூன்று நாளுக்கு உணவு? எதுவுமே முடியாமல் விட்டுப் போக நேர்ந்தால் கூட, தயவு செய்து சங்கிலியை அவிழ்த்து விட்டுப் போங்கள். கட்டிப் போட்ட நாய்க்கு நீந்தக் கூட முடியாது.

கடைசியாக

அப்பத்தா 2022-ல் காலமாகி விட்டார். கடைசி வரைக்கும் வெள்ளச்சியை நினைத்து, "எந்தப் பாவியோ விஷம் வச்சுட்டான்" என்று சொல்லிக் கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நான் "ஆமா அப்பத்தா" என்பேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். வெள்ளச்சி மேல் எங்களுக்குப் பாசம் குறைவாக இருக்கவில்லை. கருப்பன் மேல் இருந்ததும் அதே பாசம் தான், கூடுதலாக ஒன்றும் இல்லை. இரண்டு ராத்திரிக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு நாற்பது பக்க நோட்டு.

இப்போது அப்பா எலி மருந்து வைப்பதில்லை, பொறி தான். போன வாரம் கடை வாசலில் ஒரு பூனைக்குட்டி வந்து கத்திக் கொண்டிருந்தது. உடம்பெல்லாம் செவலை நிறம். அப்பா ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கி வந்து தராசில் வைத்தார். 600 கிராம். "நோட்டுல எழுதிக்கோடா" என்றார்.

எழுதிக் கொண்டேன்.